தங்க வேட்டை இலக்கியம்: தோண்டியது யார், எழுதியது யார்?

தங்க வேட்டைக் கால இலக்கியம் என்றால் பலர் மனத்திலும் ஒரே படம்தான். தாடிக்காரர் ஒருவர் பகலெல்லாம் ஆற்றங்கரையில் மண் வெட்டுகிறார். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அன்று நடந்ததை எழுதுகிறார். இந்தப் படத்தை நம்புகிறவர்கள் அந்தக் கதைகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலரோ, குதிரையும் துப்பாக்கியும் வரும் கௌபாய் கதைகளோடு கட்டி மூலையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு நல்ல இலக்கியத்தை இழக்கிறது என்று எனக்குத் தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதைகளில் பெரும்பாலானவை வேட்டை ஓய்ந்த பிறகு, பத்திரிகை அலுவலகங்களில், வெகு தூரத்தில் இருந்த வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. இது புரிந்துவிட்டால் எந்த வரியை நம்பலாம், எந்த வரியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும். அமெரிக்காவின் கலிபோர்னியா (1848), கனடாவின் குளோண்டைக் (1896) என்ற இரண்டு வேட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அரிக்கஞ்சட்டி

இலக்கியத்துக்கு முன் தங்கத்தைப் பார்த்துவிட வேண்டும். பழைய வீடுகளில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உட்புறம் வரிவரியாக இருக்கும் அரிக்கஞ்சட்டியில் அரிசியும் தண்ணீரும் விட்டு மெல்லச் சுழற்றுவார்கள். எடை குறைந்த அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும்; கனமான கல் வரிகளில் தங்கி அடியில் நிற்கும். ஆற்று மணலில் தங்கம் எடுப்பதும் இதே வேலைதான். மலைப் பாறையிலிருந்து மழையும் வெள்ளமும் பெயர்த்துக் கொண்டுவந்து ஆற்றுப் படுகையில் சேர்த்த தங்கத் துகளை 'வண்டல் தங்கம்' என்பார்கள். அகலமான ஒரு தட்டும் முதுகு வளையும் உடம்பும் இருந்தால் போதும், யாரும் அரித்துப் பார்க்கலாம்.

நம்மில் பலருக்குத் தங்கச் சுரங்கம் என்றால் நினைவுக்கு வருவது கோலார் தங்கவயல். அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கியது கம்பெனி தோண்டிய ஆழமான குழிக்குள், கிடைத்தது கூலி. கலிபோர்னியாவின் தொடக்க ஆண்டுகள் அப்படி இல்லை. முதலாளி இல்லை, குழி இல்லை. முதலில் வந்து ஓர் இடத்தைத் தன்னுடையது என்று அடையாளமிட்டவனுக்கு அங்கே தோண்டும் உரிமை. அந்த உரிமைத் துண்டுக்கு 'கிளைம்' என்று பெயர்.

1848 ஜனவரி 24 அன்று, கொலோமா என்ற இடத்தில் ஜான் சட்டரின் மரமறுக்கும் ஆலை வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துண்டுகளைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 3,00,000 பேர் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1848-இல் ஆயிரம் பேர் அளவில் இருந்த சான் பிரான்சிஸ்கோ, 1850-க்குள் 25,000 பேர் கொண்ட நகரமானது. ஆனால் தட்டால் அரித்து எடுக்கக்கூடிய மேல்மட்டத் தங்கம் விரைவில் தீர்ந்தது. 1850-களின் நடுவிலேயே முதலீடும் இயந்திரமும் வைத்திருந்தவர்கள் கைக்கு வேலை போய்விட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தனியாள் தட்டோடு நின்ற காலம் மிகக் குறுகியது. அந்தக் காலத்தைப் பற்றிய புகழ்பெற்ற கதைகள் அது முடிந்தபின் வந்தவை.

'எல்லைப்புறம்' என்றால் எது?

எல்லை என்றதும் நமக்கு இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் முள்வேலி நினைவுக்கு வரும். அமெரிக்க வரலாற்றில் வரும் 'எல்லைப்புறம்' அது அல்ல. கிழக்கிலிருந்து பரவிய வெள்ளையர் குடியேற்றத்தின் விளிம்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் எல்லைப்புறம். அந்த விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு மேற்கே நகர்ந்தது. 'எல்லைப்புற எழுத்தாளர்கள்' என்பவர்கள் இந்த நகரும் விளிம்பில் வாழ்ந்தவர்கள், அல்லது அதைப் பற்றி எழுதியவர்கள்.

இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. விளிம்புக்கு அப்பால் வெற்றிடம்தான் என்ற எண்ணத்தை அது தருகிறது. தங்கம் கிடைத்தபோது கலிபோர்னியாவில் சுமார் 1,50,000 பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். 1870-இல் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 30,000. நோய், பசி, கூலிப்படைகளின் கொலை எல்லாம் இதற்குள் அடக்கம். தங்க வேட்டைக் கதை எதை வாசித்தாலும் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடிதம்: முதல் படி

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவரின் கடிதம் வீட்டுக்கு வந்தால் முன்பெல்லாம் தெருவே கூடிக் கேட்கும். தங்க வேட்டை எழுத்தின் முதல் வடிவமும் கடிதமே. 1851 வரை கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்கு ஓர் ஒற்றைக் கடிதம் அனுப்ப 40 சென்ட் ஆனது; அந்தக் காலத்தில் அது கனமான தொகை. அவ்வளவு கொடுத்து வாங்கிய கடிதம் ஒருவரோடு நிற்காது. வீடு வீடாகப் போகும், ஊர்ப் பத்திரிகையில் அச்சாகும்.

இந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை லூயிஸ் கிளாப் எழுதியவை. மருத்துவரான கணவரோடு ஃபெதர் ஆற்றங்கரையில் ரிச் பார், இந்தியன் பார் என்ற முகாம்களில் இருந்தவர். 1851, 1852 ஆண்டுகளில் மாசசூசெட்ஸில் இருந்த தன் தங்கைக்கு எழுதுவதாக 23 கடிதங்கள். 'டேம் ஷெர்லி' என்ற புனைபெயரில் அவை 1854, 1855-இல் சான் பிரான்சிஸ்கோவின் 'தி பயனியர்' இதழில் வெளிவந்தன.

ஒருமுறை அவரே ஒரு தட்டு மண்ணை அரித்துப் பார்க்கிறார். கிடைத்தது மூன்றே கால் டாலர் தங்கத் துகள். கால் நனைந்தது, உடை கிழிந்தது, புதிய கையுறை பாழானது, விரல் விறைத்தது, தலைவலியும் சளியும் வந்தன, விலை உயர்ந்த ஊசிப்பதக்கம் ஒன்றும் தொலைந்தது என்று வரிசையாகக் கணக்குச் சொல்கிறார். தங்கம் எடுப்பது இயற்கை நடத்தும் பெரிய லாட்டரி என்று இன்னொரு கடிதத்தில் எழுதுகிறார். அதே கையால் முகாமில் நடந்த தூக்கிலிடலையும், ஸ்பானிய மொழி பேசியவர்கள் மீது நடந்த வன்முறையையும் பதிவு செய்கிறார். அந்த வேட்டையின் வாழ்க்கையை அது நடக்கும்போதே, அங்கேயே இருந்து, இவ்வளவு கூர்மையாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் பெயர்ப் பட்டியலில் அவர் கடைசியில்தான் வருவார்.

பத்திரிகை: கதை நடந்த பாதை

கடிதத்துக்கு அடுத்தபடி பத்திரிகை. இதில்தான் முழு இயந்திரமும் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சுரங்க முகாம் ஒன்று முளைத்ததும் அங்கே மதுக்கடை வரும்; பெரும்பாலும் அடுத்தே ஓர் அச்சுக்கூடமும் வரும். சிற்றூர்ப் பத்திரிகைகளுக்குச் செய்தி திரட்ட ஆள் கிடையாது. ஆனால் அமெரிக்க அஞ்சல் சட்டம் அவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தது. பத்திரிகை நடத்துகிறவர்கள் தங்கள் இதழை ஒருவருக்கொருவர் அஞ்சல் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ளலாம். இப்படி வந்த இதழைப் 'பரிமாற்றப் பிரதி' என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்து, பிடித்ததை வெட்டித் தன் இதழில் மறு அச்சு செய்வார். இன்று ஒரு குழுவில் வந்ததை அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோமே, அதே வேகம், அதே கவனக்குறைவு. எழுதியவருக்கு ஒரு காசும் வராது. எழுத்து மட்டும் கண்டம் முழுக்கப் போகும்.

இந்தப் பாதையில் வளர்ந்தவர்தான் மார்க் ட்வைன். இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1861-இல் அண்ணனோடு நெவாடாவுக்கு வந்தார், சுரங்கத்தில் முயன்றார், ஒன்றும் தேறவில்லை. 1862-இல் வர்ஜினியா சிட்டியின் 'டெரிடோரியல் என்டர்பிரைஸ்' பத்திரிகையில் வாரம் 25 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். (நெவாடாவின் அந்த ஊர் தங்கத்தைவிட வெள்ளிக்குப் பெயர் பெற்றது.) அதே ஆண்டு அக்டோபரில் கல்லாகச் சமைந்த ஒரு மனிதன் கண்டெடுக்கப்பட்டதாக ஒரு பொய்ச் செய்தி எழுதினார். கல் மனிதனின் கைகள் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதை வரிக்கு வரி கவனித்தால், அவன் வாசகரைப் பார்த்து மூக்கில் கட்டை விரலை வைத்துக் கேலி செய்வது தெரியும். கவனிக்காத ஆசிரியர்கள் அதை உண்மைச் செய்தியாகவே வெட்டி ஒட்டினார்கள். 'மார்க் ட்வைன்' என்ற பெயரை அவர் முதன்முதலில் போட்டுக்கொண்டது 1863 பிப்ரவரியில்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: தங்கம் தேட வந்து தோற்றவர் பத்திரிகை வேலைக்குப் போகிறார், பரிமாற்றப் பிரதி அவர் எழுத்தை நாடு முழுக்கக் கொண்டுபோகிறது. பின்னால் வரப்போகும் நாவலாசிரியர் ஜான் ரோலின் ரிட்ஜும் இப்படித்தான். சிறு மாற்றங்களோடு இன்னும் பலரும்.

அளப்பு எப்படி இலக்கியமானது

டீக்கடை பெஞ்சில் ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் அளந்து விடுவார். கேட்பவர்களுக்கு அது பொய் என்று தெரியும். தெரியும் என்பது சொல்பவருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். சுரங்க முகாம்களில் குளிர்கால மாலைகளை ஓட்டியது இந்தக் கலைதான். இதை 'அளப்புக் கதை' என்று அழைக்கலாம்: நம்ப முடியாததை, சாட்சியம் சொல்லும் தொனியில், நிதானமாகச் சொல்வது.

1864-65 குளிர்காலத்தில் ட்வைன் ஜாக்கஸ் ஹில், ஏஞ்சல்ஸ் கேம்ப் பகுதியில் தங்கியிருந்தார். வேட்டையின் உச்சம் எப்போதோ கடந்துவிட்ட இடம். பழைய ஆட்கள் சிலரே மிச்சம். மழைக்கு ஒதுங்கிய ஒரு விடுதியில் தவளைப் பந்தயக் கதை ஒன்றைக் கேட்டார். குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்தது சில வரிகள்தான்: கோல்மனிடம் ஒரு தவளை, வெளியூர்க்காரனோடு 50 டாலர் பந்தயம், அவனுக்குத் தவளை பிடித்துவர கோல்மன் போன நேரத்தில் அவன் கோல்மனின் தவளைக்குள் ஈயக் குண்டுகளை நிரப்பிவிட்டான், அது குதிக்கவில்லை.

அந்தச் சில வரிகள் 1865 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் 'சாட்டர்டே பிரஸ்' இதழில் முழுக் கதையாக வந்து, பரிமாற்றப் பிரதிகள் வழியாக நாடெங்கும் பரவியது. அதில் அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். படித்த, கண்ணியமாகப் பேசும் ஒருவர் முன்னுரை சொல்கிறார். அவரிடம் சைமன் வீலர் என்ற முதியவர் தன் பேச்சு வழக்கில் நிறுத்தாமல் கதை சொல்கிறார். வெளியே ஒரு சொல்லி, உள்ளே ஒரு சொல்லி. இந்த அமைப்பைச் 'சட்டகக் கதை' என்பார்கள். படித்தவரின் நடை சட்டகம் மட்டுமே. உயிர் முழுவதும் முதியவரின் பேச்சில். வட்டார வழக்கை உரையாடலுக்குள் மட்டும் அனுமதித்துவிட்டு, பிறகு கதை முழுவதையும் அதற்கே கொடுத்த மாற்றம் நம் கரிசல் எழுத்தைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ட்வைனும் இருபது ஆண்டு கழித்து, ஹக்கிள்பெரி ஃபின் என்ற சிறுவனின் பேச்சிலேயே ஒரு நாவலை எழுதியபோது அந்தச் சட்டகத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

பிரட் ஹார்ட்டின் முகாம்கள்

தாடிக்காரச் சுரங்கத் தொழிலாளி, தங்க மனம் கொண்ட சூதாடி, ஊர் ஒதுக்கிய பெண், பனியில் சிக்கிய பயணிகள் என்று இன்று நமக்குத் தெரிந்த பாத்திரங்களை நிலைநிறுத்தியவர் பிரட் ஹார்ட். 1848-இல் தங்கம் கிடைத்த நாளில் அவர் கிழக்குக் கரையில் 11 வயதுச் சிறுவன். கலிபோர்னியா வந்தது 1854-இல். பள்ளி ஆசிரியர் வேலை, அச்சுக் கோப்பு, பத்திரிகை என்று போனதே அவர் வாழ்க்கை.

1860 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் ஹம்போல்ட் வளைகுடாவில் வியாட் என்ற பூர்வகுடி இனப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உறக்கத்தில் படுகொலை செய்யப்பட்டார்கள். ஹார்ட் வேலை பார்த்த உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் அப்போது ஊரில் இல்லாததால் பொறுப்பு 23 வயது ஹார்ட்டின் கையில் இருந்தது. அந்தக் கொலையைக் கண்டித்து எழுதினார். விளைவாக அவர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. அவருடைய கதைகளை இனிப்பு மிகுந்தவை என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1868-இல் 'ஓவர்லாண்ட் மன்த்லி' இதழின் முதல் ஆசிரியரானார். ஆகஸ்ட் இதழில் 'ரோரிங் கேம்ப்பின் அதிர்ஷ்டம்' வந்தது. முகாமின் ஒரே பெண் பிள்ளை பெற்று இறந்துபோகிறாள். முரட்டு ஆண்கள் கூடி அந்தக் குழந்தையை வளர்க்கிறார்கள். கடைசியில் வெள்ளம் வருகிறது. கதை நடப்பது 1850-இல். எழுதியது 18 ஆண்டு கழித்து. அடுத்த ஆண்டே, 1869 மே மாதம், கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்தது. தண்டவாளத்தின் மேல் நிற்கும் கரடிதான் அந்த இதழின் சின்னம். போய்க்கொண்டிருக்கும் ஒரு காலத்தைத் திரும்பிப் பார்க்கும் ஏக்கம் அந்தச் சின்னத்திலும் உண்டு, கதைகளிலும் உண்டு. ஓர் இடத்தின் பேச்சு, உடை, நிலம், பழக்கம் ஆகியவற்றையே கதையின் ஈர்ப்பாக வைக்கும் இம்முறைக்கு 'வட்டாரச் சித்தரிப்பு' என்று பெயர். கிழக்கத்திய வாசகர்கள் ஓடி வந்து வாங்கினார்கள். 1871-இல் ஹார்ட்டுக்கு ஓராண்டு எழுத்துக்கு 10,000 டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. கலிபோர்னியாவை விட்டுப் போனவர் மீண்டும் வரவேயில்லை. இங்கிலாந்தில் 1902-இல் இறந்தார்.

எழுத்து எழுதியவரை மீறும்போது

ஜான் ரோலின் ரிட்ஜ் செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தவர். 1829-இல் ஜார்ஜியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதுதான் அவர் மக்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்திய காரணங்களில் முக்கியமானது. ஒரு தங்க வேட்டையில் நிலம் இழந்த இனத்தின் மகன், இன்னொரு தங்க வேட்டைக்கு 1850-இல் வந்து சேர்ந்தார். 1854-இல் அவர் எழுதிய நாவல், வெள்ளையர்கள் கொடுமை செய்து நிலத்தைவிட்டு விரட்டிய ஹோக்கின் முரியெட்டா என்ற மெக்சிகோக்காரன் கொள்ளையனாகிப் பழிவாங்குவதைச் சொல்கிறது. கலிபோர்னியாவில் வெளியான முதல் நாவல் என்றும், பூர்வகுடி ஒருவர் எழுதிய முதல் நாவல் என்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். பின்னணியும் உண்மை: 1850-இல் வெளிநாட்டுச் சுரங்கக்காரர்கள் மீது மாதம் 20 டாலர் வரி போடப்பட்டது; மெக்சிகோக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

1853-இல் சட்டமன்றம் 'ஹோக்கின்' என்று பெயர் கொண்ட ஐந்து பேரைத் தேடிப் பிடிக்க ஒரு படையை அமர்த்தியது. படை ஒரு தலையைக் கொண்டுவந்து கண்ணாடிக் குடுவையில் வைத்து ஊர் ஊராகக் காட்டியது. அது யாருடைய தலை என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் ரிட்ஜ் கற்பனையில் கட்டிய வாழ்க்கை, திருட்டுப் பதிப்புகள் வழியாகப் பரவி, காலப்போக்கில் வரலாறாகவே மேற்கோள் காட்டப்பட்டது.

ஹார்ட்டுக்கு இதன் மறுபக்கம் நேர்ந்தது. 1870-இல் எழுதிய ஒரு கவிதையில் இரண்டு வெள்ளையர்கள் சீட்டாட்டத்தில் ஒரு சீனரை ஏமாற்றத் திட்டமிட்டு, அவரிடமே ஏமாந்துபோகிறார்கள்; பிறகு ஆத்திரத்தில் ஒருவர் அவர்மீது பாய்கிறார். வெள்ளையர்களின் போலித்தனத்தைக் குத்திக் காட்டவே எழுதினார். சீனர்களை வெறுத்தவர்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1882-இல் சீனர் குடியேற்றத் தடைச் சட்டமே வந்துவிட்டது.

சீனர்கள் தாங்கள் பேசவில்லையா என்று கேட்டால், பேசினார்கள். சீனக் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆளுநர் பிக்லர் சொன்னபோது, 1852 மே மாதமே சான் பிரான்சிஸ்கோ வணிகர் நார்மன் ஆ-சிங் 'டெய்லி ஆல்டா கலிபோர்னியா' பத்திரிகையில் நேருக்கு நேர் பதில் எழுதினார். கலிபோர்னியாவைச் சீனர்கள் 'தங்க மலை' என்றார்கள். தங்க மலைப் பாடல்கள் என்ற கான்டனீஸ் பாடல் தொகுதிகள் 1911-லும் 1915-லும் சைனாடவுனில் அச்சாயின. கப்பலேறிய கணவனை நினைத்து ஊரில் காத்திருக்கும் மனைவியின் குரலும் அவற்றில் உண்டு. தங்க வேட்டை இலக்கியம் என்ற பெயருக்கு அவையும் உரியவை.

குளோண்டைக்: அதே இயந்திரம், பனியில்

1896 ஆகஸ்டில் யூக்கான் பகுதியின் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தியோடு தங்கமும் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்தது 1897 ஜூலையில். சுமார் 1,00,000 பேர் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர். ஓராண்டுக்கான உணவுப் பொருள் இல்லாதவரைக் கனடியக் காவலர்கள் உள்ளே விடவில்லை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன். அதைச் சுமந்து சில்கூட் கணவாயில் பலமுறை ஏறி இறங்க வேண்டும்.

21 வயது ஜாக் லண்டன் அப்படி ஏறியவர். அந்தக் குளிர்காலம் முழுவதும் சிறு மரக்குடிலில் அடைந்து கிடந்தார். புதிய காய்கனி இல்லாததால் ஸ்கர்வி நோய் வந்து ஈறுகள் வீங்கின. 1898 கோடையில் சிறு படகில் யூக்கான் ஆற்றோடு இறங்கித் திரும்பினார். கொண்டுவந்தது தங்கம் அல்ல. குடிலில் கேட்ட பேச்சு, பார்த்த நாய்கள், குளிர். குளோண்டைக் வேட்டையின் மைய ஊரான டாசனில் பாண்ட் சகோதரர்கள் வைத்திருந்த நாய்தான் 1903-இல் வந்த 'தி கால் ஆஃப் தி வைல்ட்' நாவலின் 'பக்' ஆனது. அவருடைய முதல் வடதிசைக் கதையை 1899 ஜனவரியில் வெளியிட்டது அதே 'ஓவர்லாண்ட் மன்த்லி'. முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு வேட்டைகளையும் ஒரே இதழ் தொட்டுக்கொள்கிறது.

கவிஞர் ராபர்ட் சர்வீஸ் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அவர் வங்கி எழுத்தர். யூக்கானின் வைட்ஹார்ஸ் கிளைக்கு மாற்றலாகி வந்தது 1904-இல். குளோண்டைக் வேட்டை 1899-லேயே ஓய்ந்திருந்தது. அவருடைய பாட்டு ஒன்றில், குளிருக்குப் பயந்து, இறந்தபின் தன் உடலை எரியூட்டச் சொல்லும் பாத்திரத்தின் சாம் மெகீ என்ற பெயர், வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒருவருடையது. 1907-இல் வந்த முதல் தொகுப்பு அவரைப் பணக்காரராக்கியது. அதில் உள்ள புகழ்பெற்ற டாசன் பாடல்களை எழுதும்போது அவர் டாசனில் வாழ்ந்திருக்கவில்லை. 1908-இல் அங்கே மாற்றல் கிடைத்தது. போனபோது ஓடைகளில் தட்டோடு நிற்கும் ஆட்கள் அருகிவிட்டார்கள்; கம்பெனிகளின் ராட்சத மிதவை இயந்திரங்கள் படுகையை வாரிக்கொண்டிருந்தன. பகலில் வங்கிக் கணக்கு எழுதினார். மற்ற நேரத்தில் ஊரில் மிஞ்சியிருந்த பழைய ஆட்களைத் தேடிப் போய் அவர்கள் சொன்னதைக் கேட்டார். இரவில் அதைப் பாட்டாக்கினார்.